கோயில் உடைச்ச கணக்கு

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம், அதைச் சொல்லி உங்களைக் கொல்ல வேணாம். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்ப நடந்த ஒரு விஷயம் மண்டைக்குள்ளயே சுத்திகிட்டு இருக்கு. எழுதி இறக்கி வெச்சாத்தான் தூக்கம் வரும்.

ஊருன்னா மந்தாரக்குப்பம். நெய்வேலி டவுன்ஷிப் மாதிரி வரிசையா மரம் வெச்சு, வட்டம் வட்டமா பிரிச்சு, அளந்து கட்டின ஊர் இல்லை. அதுக்குப் பக்கத்துல கடைகளும் லாட்ஜுகளும் பஸ் ஹாரனுமா தானா வளர்ந்த ஊரு. அங்கே பள்ளிக்கூடத்துல ஒண்ணா படிச்ச நாங்க நாலு பேரும் வருஷா வருஷம் பொங்கல் லீவுல ஒரு டீக்கடையில கூடுவோம். ஒருத்தன் பெங்களூரு, ஒருத்தன் சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை, ஒருத்தன் அவங்க அத்தாவோட கடையைப் பாத்துக்கறான். நாலாவது, சென்னையில பொட்டி தட்டுற நான்.

பெங்களூருக்காரன் மொபைலை எடுத்து ஒரு லிஸ்ட் காட்டினான். முஸ்லிம் மன்னர்கள் இடிச்ச கோயில்களாம். ஆயிரக்கணக்குல போகுது, ஸ்க்ரோல் பண்ணப் பண்ண முடியவே இல்லை. "பாத்தியாடா, எவ்ளோ உடைச்சிருக்கானுங்க"ன்னு சத்தமா படிச்சான். கடைக்கார நண்பன் ஒண்ணும் பேசலை. பாதி டீயை அப்படியே வெச்சுட்டு, "கடையில ஆள் இல்லடா, வரேன்"னு கிளம்பிட்டான். பொங்கல் அன்னிக்கு மத்தியானம் அவன் கடை பூட்டித்தான் இருந்தது. எங்க மூணு பேருக்கும் அது தெரியும்.

நானும் ஒண்ணும் பேசலை. என் மண்டையைக் குடையறது அதுதான்.

அன்னிக்குப் பேசியிருக்க வேண்டியதை இப்ப எழுதறேன்.

முதல்ல நம்ம வீட்டுப் பக்கம்

எங்க பேரூராட்சியோட பேரு கங்கைகொண்டான். அந்தப் பட்டப் பேருக்குச் சொந்தக்காரரான ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரம் எங்க ஊர்லேர்ந்து பஸ்ஸுல ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. சேத்தியாத்தோப்பு, மீன்சுருட்டி வழியா போகணும். போயிருக்கீங்களா? ஆயிரம் வருஷத்துப் பெரிய கோயில், விமானம் ஏறத்தாழ 55 மீட்டர் உயரம். ஆனா தஞ்சாவூர் மாதிரி சுத்தி முழுசா மதில் இருக்காது. கோபுரமும் மொட்டையா நிக்கும்.

இது யார் வேலைன்னு சின்ன வயசுல கேட்டப்ப கூட வந்த மாமா, "துலுக்கன் உடைச்சான்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாரு. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிகிட்டு இருந்தேன்.

அந்த மதிலைப் பேர்த்தது ஆங்கிலேய அரசாங்கம். 1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டினாங்க. நாம அணைக்கரைன்னு சொல்றோமே, அதேதான். அதுக்குக் கல்லு வேணும். பக்கத்துல செதுக்கி ரெடியா இருந்த கல்லு கோயில் மதில். பேர்த்து எடுத்துகிட்டுப் போயிட்டாங்க. ஜனங்க எதிர்த்தாங்கன்னும், பதிலுக்குச் செங்கல்ல மதில் கட்டித் தர்றோம்னு சொல்லிட்டு அதை ஒழுங்கா செய்யலைன்னும் 1855-ல வந்த ஒரு குறிப்பு சொல்லுது.

இதுல கூத்து என்னன்னா, அந்தக் கீழணைத் தண்ணிதான் வடவாறு வழியா வீராணம் ஏரிக்கு வருது. 2004-லேர்ந்து வீராணத்துத் தண்ணி குழாய்ல சென்னைக்கும் போகுது. நான் சென்னை ரூம்ல குடிக்கிற தண்ணியில அந்த மதிலுக்கும் ஒரு பங்கு இருக்கு. யாரைத் திட்டுறது சொல்லுங்க?

இன்னொண்ணு. அதே கோயிலையும் ஊரையும் நிதானமா சுத்திப் பாத்தீங்கன்னா சோழ பாணியில இல்லாத சிலைகள் கண்ணுல படும். சாளுக்கிய நாட்டுலேர்ந்தும் கலிங்கத்துலேர்ந்தும் போர்ல ஜெயிச்சுத் தூக்கிட்டு வந்தது. அந்தச் சிலைகளும் ஒரு ஊர்ல ஒரு கோயில்ல ஜனங்க கும்பிட்டுகிட்டு இருந்த சாமிகள்தானே? அங்கே எந்த ஆயா அழுதாளோ, யாரு கண்டா. நமக்கு அது வெற்றிச் சின்னம்.

சிதம்பரமும் நாகப்பட்டினமும்

சரி, அது போர். ராஜாக்கள் அப்படித்தான். ஒரே ஊர்ல, ஒரே மொழி பேசுறவங்க நடுவுல?

சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள்ளயே கோவிந்தராஜப் பெருமாள் சன்னதி இருக்கறது உங்களுக்குத் தெரியும். 12-ம் நூற்றாண்டுல இரண்டாம் குலோத்துங்கச் சோழன் அந்தப் பெருமாளைப் பேர்த்துக் கடலுக்கு அனுப்பினதா அவனோட அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே பெருமையா பாடி வெச்சிருக்காரு. எதிரி எழுதின அவதூறு இல்லை, சொந்தப் புலவர் பாராட்டுன்னு நினைச்சு எழுதினது. அப்புறம் 1539-ல விஜயநகரத்து அச்சுததேவராயர் காலத்துலதான் பெருமாள் திரும்ப அங்கே வந்தாரு. நடுவுல ஏறக்குறைய நானூறு வருஷம். சைவமும் வைணவமும் இன்னிக்கு ஒரே லிஸ்ட்ல 'நம்ம கோயில்'. அன்னிக்கு அப்படி இல்லை.

அடுத்தது நாகப்பட்டினம். ராஜராஜ சோழன் காலத்துல ஸ்ரீவிஜய ராஜா அங்கே சூடாமணி விகாரம்னு ஒரு பெரிய புத்தப் பள்ளி கட்டினாரு. ராஜராஜன் அதுக்கு ஆனைமங்கலம் கிராமத்தையே எழுதிக் கொடுத்தது லெய்டன் செப்பேடுகள்ல இருக்கு. ஒரு சிவபக்த ராஜா, வெளிநாட்டுக்காரங்களோட புத்த விகாரத்துக்கு ஊரையே கொடுத்திருக்காரு. கேக்கவே நல்லா இருக்குல்ல?

அந்த இடத்துல கடைசியா மிச்சம் இருந்த செங்கல் கோபுரம் 1867 வரைக்கும் நின்னுது. கடல்ல வர்ற கப்பல்களுக்கு அதான் அடையாளம். ஏசு சபைப் பாதிரிமார்கள் கல்லூரிக் கட்டடத்துக்காக அதை இடிக்க அனுமதி கேட்டாங்க, மதராஸ் அரசாங்கமும் கொடுத்துடுச்சு. இடிச்சாச்சு. 1883-லயே கல்லூரி திருச்சிக்குப் போயிடுச்சு. இன்னிக்கு நாகப்பட்டினத்துல புத்தரைக் கும்பிட ஆளும் இல்லை, கோபுரமும் இல்லை. அந்த மண்ணுல தோண்டி எடுத்த சுமார் 350 புத்த வெண்கலச் சிலைகள்தான் பல மியூசியங்கள்ல சிதறிக் கிடக்கு. இதுக்கு யாரும் லிஸ்ட் போடறதில்லை. ஏன்னா கேக்கறதுக்கு ஆளே இல்லை.

இலங்கையில நம்மாளுங்க ரெண்டு பக்கமும்

1621-ல நல்லூர் கந்தசாமி கோயிலைப் போர்த்துகீசியர்கள் இடிச்சாங்க. அதே 1620-கள்ல திருகோணமலை கோணேஸ்வரத்தையும் இடிச்சு, அந்தக் கல்லை வெச்சே கோட்டை கட்டினாங்க. இது நமக்கு வலிக்கும், வலிக்கத்தான் வேணும்.

1995 ஜூலை 9. யாழ்ப்பாணம் நவாலியில, குண்டுக்குப் பயந்து அகதிகளா ஒதுங்கியிருந்த ஜனங்க மேல விமானப்படை குண்டு போட்டது. புனித பேதுரு தேவாலயத்துலயும் அதைச் சுத்தியும் நூத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் செத்தாங்க. இதுவும் வலிக்கும்.

இப்ப அடுத்த பக்கம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடி. ராத்திரித் தொழுகையில குனிஞ்சிருந்தவங்களை ரெண்டு பள்ளிவாசல்கள்ல சுட்டுக் கொன்னாங்க. நூத்துக்கும் மேல. குற்றச்சாட்டு விடுதலைப் புலிகள் மேல. அவங்க மறுத்தாங்க, ஆனா தப்பிச்சவங்க சாட்சியம் அவங்களைத்தான் காட்டுது. அதே வருஷம் அக்டோபர்ல வடக்குல இருந்த முஸ்லிம்களையெல்லாம் புலிகள் வெளியேத்தினாங்க. யாரும் இடிக்காமலே பள்ளிவாசல்கள் பாழாப்போச்சு. 1998 ஜனவரி 25-ல கண்டி தலதா மாளிகையில, பௌத்தர்களோட உயிரான இடத்துல, லாரிகுண்டு வெடிச்சுது. 2019 ஈஸ்டர் அன்னிக்கு மூணு தேவாலயங்கள்லயும் ஹோட்டல்கள்லயும் தற்கொலைக் குண்டு வெடிச்சு 250-க்கும் மேல செத்தாங்க. வெடிச்சவங்க இஸ்லாத்து பேரைச் சொன்னவங்க.

இந்த நாலு பத்தியில இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், பௌத்தர் எல்லாரும் ஒரு தடவையாவது அடி வாங்கிட்டாங்க. அடிச்ச பக்கத்துலயும் ஏறக்குறைய எல்லாரும் வந்துட்டாங்க.

"அப்ப எல்லாரும்தான் உடைச்சாங்கன்னு ஜல்லியடிக்கிறியா?"

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். இல்லைங்க. 1311-ல மாலிக் கபூர் தமிழ்நாட்டுக் கோயில்களைக் கொள்ளையடிச்சதை யாரும் மறைக்கத் தேவையில்லை, பாடப் புத்தகத்துல இருக்கட்டும். ரிச்சர்ட் ஈட்டன்னு ஒரு வரலாற்று ஆய்வாளர் 1192-லேர்ந்து 1729 வரைக்கும் ஓரளவு ஆதாரத்தோட சொல்லக்கூடிய கோயில் தகர்ப்புகள்னு 80 சம்பவங்களைப் பட்டியல் போட்டாரு. கம்மியா சொல்லிட்டாருன்னு அவரோட சண்டை போடறவங்களும் உண்டு. போடட்டும், ஆதாரத்தோட போடட்டும். 80-ஆ, 800-ஆங்கறது வரலாற்றுக்காரங்க வேலை.

நான் கேக்கறது வேற. அந்தக் கணக்கை யார்கிட்ட வசூல் பண்றது? மந்தாரக்குப்பத்துல கடை வெச்சிருக்கற என் நண்பன்கிட்டயா? மாலிக் கபூருக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? ராஜேந்திரன் தூக்கிட்டு வந்த சாளுக்கியச் சிலைக்கு என்கிட்ட ஒரு கன்னடக்காரர் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்லுவேன்?

அப்படி வசூல் பண்ணக் கிளம்பினதோட விளைவையும் பாத்தாச்சு. 1992 டிசம்பர் 6-ல அயோத்தியில பாபர் மசூதியை இடிச்சாங்க. அதைத் தொடர்ந்த கலவரங்கள்ல நாடு முழுக்க சுமார் 2000 பேர் செத்தாங்க. பங்களாதேஷ்லயும் பாகிஸ்தான்லயும் இந்துக் கோயில்களை உடைச்சாங்க. அங்கே இருந்த இந்துக்கள் அயோத்தியில என்ன செஞ்சாங்க? ஒண்ணும் இல்லை. இங்க ஒரு கட்டடம், அங்க பல கோயில், பலியானது சம்பந்தமே இல்லாதவங்க.

2019-ல உச்ச நீதிமன்றம் அந்த நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்துச்சு. அதே தீர்ப்பு, மசூதியை இடிச்சது சட்டத்தின் ஆட்சியை மோசமா மீறின செயல்னும் சொல்லுச்சு. 2020 செப்டம்பர்ல, இடிச்ச வழக்குல குற்றம் சாட்டப்பட்ட 32 பேரையும் லக்னோ கோர்ட் விடுதலை பண்ணிடுச்சு. குற்றம் நடந்தது உண்மை, செஞ்சவங்கன்னு யாரும் இல்லை. 2024 ஜனவரியில புதுக் கோயில் திறந்தாச்சு. கோயில்ல எனக்கு ஒரு சங்கடமும் இல்லைங்க, ராமரைக் கும்பிடற வீடுதான் எங்க வீடும். இடிச்சவனை யாரும் கேக்கலைங்கறதுதான் எனக்கு நெருடுது.

'கரசேவை'ங்கற வார்த்தையையே எடுத்துக்கோங்க. சீக்கியர்கள் குருத்வாராவைக் கட்டறதுக்கும் குளத்தைத் தூர் வாரறதுக்கும் கைவேலையா செய்யற தொண்டுக்குத்தான் அந்தப் பேர். 1984 ஜூன்ல ராணுவம் பொற்கோயிலுக்குள்ள புகுந்தப்ப அகால் தக்த் நொறுங்கிப் போச்சு. அரசாங்கமே அவசர அவசரமா திரும்பக் கட்டிக் கொடுத்துச்சு. சீக்கியர்கள் அதை ஏத்துக்கலை. அதைப் பிரிச்சுப் போட்டுட்டு, தங்கள் கையாலயே, கரசேவையா, திரும்பக் கட்டினாங்க. கட்டறதுக்கு இருந்த வார்த்தை நமக்கு இடிக்கறதுக்குப் பழக்கமாயிடுச்சு.

ரோல்பேக்

எங்க தொழில்ல ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது சொதப்பிடுச்சுன்னா பழைய வெர்ஷனுக்கு ரோல்பேக் பண்ணுவோம். ஆனா எந்த வெர்ஷனுக்குன்னு முதல்லயே முடிவு பண்ணி வெச்சிருக்கணும். இல்லைன்னா விடிய விடிய சண்டைதான், சர்வரும் எழுந்திருக்காது.

வரலாற்றை எந்த வெர்ஷனுக்குத் திருப்புறது? 1992? 1528? 1311? இன்னும் பின்னாடி போனா நாகப்பட்டினத்துல விகாரம் திரும்ப வரணும். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிலைகளைக் கர்நாடகாவுக்கும் ஒரிசாவுக்கும் பார்சல் கட்டணும். கீழணையை உடைச்சுக் கல்லைத் திருப்பித் தரணும், சென்னைக்காரங்க தண்ணிக்கு லாரி பின்னாடி ஓடணும்.

நம்ம பார்லிமென்ட் 1991-ல இதுக்கு ஒரு தேதி குறிச்சுது. 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஒரு வழிபாட்டு இடம் எந்த மதத்தோட இடமா இருந்துச்சோ அப்படியே இருக்கட்டும்னு சட்டம். அப்பவே வழக்குல இருந்த அயோத்திக்கு மட்டும் விலக்கு. அந்தத் தேதி மேல இருந்து இறங்கி வந்தது இல்லைதான். எந்தத் தேதி வெச்சாலும் யாருக்காவது அநியாயமாத்தான் தெரியும். ஆனா ஒரு தேதி வேணும். 2024 நவம்பர்ல உத்தரப்பிரதேசம் சம்பல்ல ஒரு பழைய மசூதியை சர்வே பண்ணப் போன இடத்துல கலவரமாகி ஆளுங்க செத்தாங்க. அடுத்த மாசமே உச்ச நீதிமன்றம், மறு உத்தரவு வர்ற வரைக்கும் இந்த மாதிரி புது வழக்கு எதையும் பதிவு பண்ணக் கூடாதுன்னு சொன்னது. அந்தத் தேதியைத் தொட்டா என்ன ஆகும்னு அதுக்கு மேல சொல்ல வேண்டியதில்லை.

பழசுக்கு ஒரு கோடு போட்டாச்சுன்னா, கோட்டுக்கு இந்தப் பக்கம் நடக்கறதுக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. முன்மாதிரி இல்லாம இல்லை. 2020 டிசம்பர்ல பாகிஸ்தான் கரக் மாவட்டத்துல ஒரு இந்துக் கோயிலை ஒரு கும்பல் எரிச்சு இடிச்சுது. அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தைத் திரும்பக் கட்டச் சொல்லி, செலவை இடிச்சவங்ககிட்ட வசூல் பண்ணச் சொன்னது. 2012-ல மாலி நாட்டு திம்புக்துல சூஃபி சமாதிகளை இடிச்ச ஆசாமிக்கு 2016-ல சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 9 வருஷம் ஜெயில் கொடுத்துச்சு. இடிச்சவனும் முஸ்லிம், இடிபட்டதும் முஸ்லிம்களோடது.

நம்ம ஊர் நிலவரம்? 2002 கலவரத்துல அகமதாபாத்ல வலி குஜராத்திங்கற உருதுக் கவிஞரோட சமாதியை இடிச்சு, அந்த இடத்து மேலயே தார் ரோடு போட்டாங்க. அந்தக் கலவரத்துல சேதமான வழிபாட்டு இடங்களுக்கு அரசாங்கம் நஷ்ட ஈடு கொடுக்கணும்னு 2012-ல குஜராத் ஹைகோர்ட் சொன்னதை, 2017-ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. 2008 கந்தமால்ல தேவாலயங்கள் எரிஞ்சுது. 2023 மணிப்பூர்ல தேவாலயம், கோயில் ரெண்டுமே எரிஞ்சுது. இது எதுவுமே 700 வருஷத்துக்கு முந்தி இல்லை. செஞ்சவங்க நம்ம கூடவே ரேஷன் வாங்கிகிட்டு இருப்பாங்க.

ஆயாவோட மாரியம்மன்

இவ்ளோ பெரிய விஷயமெல்லாம் எனக்கு எப்படி உறைச்சுதுன்னு யோசிச்சா, எங்க ஆயாதான் ஞாபகத்துக்கு வருது.

ஆயா பொறந்த ஊரு இன்னிக்கு இல்லை. எண்பதுகள்ல சுரங்கத்துக்குப் போயிடுச்சு. அந்த ஊர்ல ஒரு மாரியம்மன். பெரிய கோயில் எல்லாம் இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு மேடை, ஒரு சூலம், பக்கத்துல குளம். ஊரைக் காலி பண்றதுக்கு முன்னாடி பூசாரி முறைப்படி பூஜை போட்டு, அம்மனைக் கலசத்துல எறக்கி, சூலத்தையும் கல்லையும் மாட்டு வண்டியில ஏத்திக் கொண்டுவந்தாங்க. புது இடத்துல கோபுரம் வெச்சு, டைல்ஸ் ஒட்டி, பழசை விடப் பெருசா கட்டியாச்சு. கும்பாபிஷேகம், சாப்பாடு எல்லாம் அமர்க்களம். இதுல யார் மேலயும் ஆயாவுக்குக் கோபம் கிடையாது. கரண்ட் வேணும்ல, அது பாட்டுக்கு அது.

ஆனா ஒவ்வொரு ஆடி மாசமும் கூழ் ஊத்தும்போது ஆயா சொல்லும்: "அவ வந்துட்டா. ஊருதான் வரலை."

அந்த வேப்பமரத்தடியில ஆயாவோட அம்மா நேர்ந்துகிட்டது, ஆயாவுக்குக் கல்யாணமானது, எங்க அப்பாவுக்கு மொட்டை போட்டது எல்லாம் இப்ப பக்கெட் வீல் தோண்டின குழியில அந்தரத்துல இருக்கு. யாரும் வெறுத்து இடிக்கலை. மரியாதையாத்தான் கொண்டுவந்தாங்க. அதுக்கே எங்க ஆயா நாப்பது வருஷமா அந்த ஒரு வரியைச் சொல்லிகிட்டு இருக்கு.

அப்படின்னா, ஒரு கும்பல் கடப்பாரையோட வந்து, உன் சாமியும் வேணாம் நீயும் வேணாம்னு கத்திகிட்டே இடிச்சா அந்த ஊர் ஆயாவுக்கு எப்படி இருக்கும்? அவ கோணேஸ்வரத்து ஆயாவா இருந்தா என்ன, காத்தான்குடி உம்மாவா இருந்தா என்ன? பாமியான்ல 2001-ல தாலிபான் வெடி வெச்சுத் தகர்த்த பெரிய புத்தர் சிலை ஏறத்தாழ 55 மீட்டர். நம்ம கங்கைகொண்ட சோழபுரத்து விமான உயரம். அது முழுசா சரிஞ்சு விழறதை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அதைப் பாத்துப் பதைக்கறதுக்குப் புத்த மதத்துல பொறந்திருக்கணும்னு அவசியம் இல்லை.

லிஸ்ட் படிக்கறவங்களுக்கு நான் சொல்றது இவ்ளோதான். படிங்க. ஆனா முழு லிஸ்ட்டா படிங்க. நம்மாளு உடைச்சதும் அதுல இருக்கணும். அதைப் படிக்கும்போதும் அதே அளவு கோபம் வந்தா, உங்களுக்குக் கோயில் மேல அக்கறை. வரலைன்னா, அக்கறை வேற எது மேலயோ.

கடைசியா

சென்னை வந்த ரெண்டாவது நாள் நண்பனுக்குப் போன் பண்ணேன். "அன்னிக்கு நான் ஏதாவது பேசியிருக்கணும்டா"ன்னேன். அவன் சிரிச்சுகிட்டே, "அதெல்லாம் விடு மச்சி, பழகிப்போச்சு"ன்னான். அப்புறம் கடை வியாபாரம், ரோடு, மழைன்னு பேச்சு எங்கேயோ போயிடுச்சு.

திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். "பழகிப்போச்சு"ங்கறதுதான் தாங்க முடியலை. இருபது வருஷமா வில்லுடையான்பட்டு பங்குனி உத்திரத்துக்கு எங்ககூட வந்து காவடி பாத்துட்டு, கடலை மிட்டாய் வாங்கித் தின்னுட்டுப் போறவன் அவன்.

பெங்களூருக்காரனுக்கும் இந்தப் பதிவோட சுட்டியை அனுப்பப் போறேன். சண்டைக்கு வருவான், வரட்டும். பங்குனி உத்திரத்துக்கு நாலு பேரும் ஊர்ல இருப்போம், அதே டீக்கடைதான். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கறதா இருக்கேன்.

டிஸ்கி: ரெண்டு பக்கத்துலேர்ந்தும் திட்டு வரும்னு தெரியும். திட்டறவங்க தயவுசெஞ்சு உங்க பக்கம் உடைச்சதுல ஒண்ணே ஒண்ணைச் சொல்லிட்டு ஆரம்பிங்க :-)